பின்னால் நின்று தள்ளியவர்

அவரை எல்லாரும் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூடப்பிறந்த அக்காகூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அப்பா வழியில் தச்சுவேலை, அம்மா வழியில் துணிக்கடை. அந்தக் குடும்பத்திலேயே ஸ்டியரிங்கைத் தொட்டவர் இவர் ஒருவர்தான். மலைப்பாதைப் பேருந்து இவர் கையில் இருக்கிறதென்றால் பயணிகள் ஏறியதும் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார்கள். காலையில் வண்டியை எடுக்குமுன், "ஆண்டவனே, நீதான் ஓட்டணும்" என்று ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வாய் அப்படிச் சொல்லும். பிடி மட்டும் ஒருநாளும் தளர்ந்ததில்லை.

ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றோடு வீட்டில் மற்றவர்களின் நிம்மதி போயிற்று. உட்கார்ந்தால் எழுந்திருப்பார். மூடிய குழாயை மறுபடி திருகுவார், பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார், அடுப்பில் வைத்த பால் தன்னைக் கேட்டுத்தான் பொங்கவேண்டும் என்பதுபோல் பக்கத்தில் போய் நிற்பார்.

"ஏங்க, வண்டி ஷெட்டுக்கு வந்து ரொம்ப நாளாச்சு. இன்னும் என்ன உறுமிக்கிட்டு?" என்பாள் மனைவி.

மகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது இவரிடம் இல்லை. "உங்ககிட்ட கத்துக்கிட்டா காது போயிரும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். அதில் அவருக்கு மனத்தாங்கல்.

ஒரு மழைநாளில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். முதல்நாளே வந்த வலியை மறைத்திருக்கிறாள். தெருக்கோடி டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "குடல்வால் வெடிச்சிருக்கும்போல. மலைக்கு அந்தப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காதீங்க" என்றார்.

மகள் ஓட்டினாள். டிரைவர் பின்சீட்டில், மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தார் என்று பேர்தான்.

"ரெண்டாவது கியருக்கு வா... ஹாரன் அடி, ஹாரன்... அந்த லாரி ஒதுங்க மாட்டான், பாத்துக்கிட்டே இரு..."

"அப்பா, ரோடு எனக்கும் தெரியுது."

"எனக்கு இந்த ரோடு கண்ணை மூடினாலும் தெரியும்!"

"அப்படின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்களேன்."

மனைவியின் நெற்றி கொதித்தது. இடையிடையே முனகினாள், பிறகு முனகலும் நின்றது. அதுதான் அவரைப் பைத்தியமாக்கியது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பாரம் ஏற்றிய லாரி திரும்பியது. மகள் ஏற்கெனவே ஓரம் கட்டியிருந்தாள். ஆனால் டிரைவரின் கை யாரைக் கேட்டது? முன்னால் பாய்ந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். ஈரத்தில் காரின் வால் வீசிச் சுழன்றது. லாரி உரசாமல் போய்விட்டது. காரின் பின்சக்கரம் மட்டும் சாலையோரச் சேற்றில் இறங்கிக்கொண்டது.

மகள் ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி நகரவில்லை.

டிரைவர் குதித்து இறங்கிப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். மூச்சைப் பிடித்துத் தள்ளினார். சக்கரம் சுற்றிச் சுற்றிச் சேற்றை அவர் முகத்திலேயே துப்பியது. செருப்பு எங்கோ புதைந்தது. மறுபடி தள்ளினார்.

"அப்பா, தள்ளிப் போங்க!"

"நான் விட்டா வண்டி உள்ள போயிரும்டி!"

"பின்னாடி கெட்டித் தரை இருக்கு. ரிவர்ஸ் எடுத்துட்டு முன்னாடி வந்தா ஏறிரும். நீங்க அங்க நிக்கிறவரைக்கும் நான் எப்படி எடுக்கிறது? உங்க மேலயா ஏத்தறது?"

அவருக்குக் கையை எடுக்க மனம் வரவில்லை. கண்ணாடி வழியாக மனைவியின் முகம் தெரிந்தது, வெள்ளைத்தாள்போல. மெல்ல விலகினார். சாலையோரக் கல்லருகே போய் நின்றார். பிடிக்க எதுவும் இல்லாத இரண்டு கைகளையும் கூப்பினார்.

"என்னால ஆகலை. இவ்வளவு நாள் சும்மா வாயால சொன்னேன். இப்ப நிஜமா சொல்றேன், ஆண்டவனே. அவளை நீ கொண்டுபோய்ச் சேத்துடு. நான் எதையும் தொடலை."

கார் பின்னால் உருண்டது. ஒரு கணம் பள்ளத்தில் சாய்ந்து நின்றது. பிறகு உறுமிக்கொண்டு சாலையில் ஏறியது.

மிச்சப் பாதை முழுக்க உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். வளைவு வரும்போதெல்லாம் வாய் திறக்கும்; "உன் பொறுப்பு" என்று முணுமுணுத்துவிட்டு மூடிக்கொள்வார். மனசு அடங்கியதா என்றால் இல்லை. பயமும் அந்த வார்த்தையும் மாறி மாறி வந்தன.

ஆஸ்பத்திரியில் மனைவியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. டிரைவர் வராந்தாவில் நடந்தார், உட்கார்ந்தார், நடந்தார். கதவுக்குக் கைப்பிடி இருந்தது. அதன் பக்கம் இரண்டு தடவை போய்த் திரும்பினார்.

நர்ஸ் ஒருத்தி தலையை நீட்டினாள். "ஆபரேஷன் முடிஞ்சுது. பிழைச்சுட்டாங்க. கண்ணு முழிக்க நேரமாகும்."

"நான் உள்ள வந்து ஏதாச்சும் செய்யணுமாம்மா?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் ஐயா. உக்காருங்க."

மகள் பக்கத்துப் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்தாள். சேறு காய்ந்த வேட்டியோடு அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளின் தோளில் தலை சாய்த்ததும், அன்று முதல்முறையாக, அவருக்கு அழுகை வந்தது.