நானாச்சு என்று சொன்னவன்

ஓசூர் மாட்டுச் சந்தையில் திம்மராயனின் அப்பா தரகர். விற்கிறவன் கன்னடம் பேசுவான், வாங்குகிறவன் தமிழ் பேசுவான், நடுவில் பேரத்தைக் கெடுக்க வருகிறவன் தெலுங்கில் கெடுப்பான். அவர் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். ஒருவன் சொன்னதை இன்னொருவனுக்குச் சொல்லி முடித்ததும் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்ப்பார். "நானாச்சு." மாடு முட்டினாலும் பால் வற்றினாலும் தரகர் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம் என்று அதற்கு அர்த்தம். அந்த வார்த்தை இல்லாமல் அங்கே ஒரு கயிறும் கைமாறாது. ஒருவர் பேச்சை மற்றவருக்குச் சொல்வது என்றால் அதற்கு ஜாமீன் நிற்பதும்தான் என்று திம்மராயன் சின்ன வயதிலேயே நினைத்துக்கொண்டான். பிழை அங்கேதான் தொடங்கியது.

1976இல் பட்டாளத்தில் சேர்ந்தான். அங்கே இந்தியும் வந்துவிட்டது. 87இல் அவன் இருந்த பட்டாளத்தை இலங்கைக்கு அனுப்பினார்கள். தமிழ் தெரிந்தவன் என்று மைக்கை அவன் கையில் கொடுத்தார்கள். மேஜர் இந்தியில் எழுதிய காகிதத்தைக் கொடுப்பார், இவன் ஜீப்பில் நின்றுகொண்டு தமிழில் சொல்வான். முதலில் வந்த காகிதத்தில், உங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறோம் என்று இருந்தது. ஜனங்கள் மாலை போட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து வந்த காகிதத்தில், போராளிகளிடமிருந்து ஆயுதங்களை வாங்கி வைத்தால்தான் அமைதி என்று இருந்தது. அப்புறம் அவர்களோடு சண்டையே மூண்டுவிட்டது. அதுவும் அமைதிக்காகத்தான் என்று இன்னொரு காகிதம் வந்தது. அமைதிக்கு இவ்வளவு குண்டு செலவாகும் என்று யார் கண்டது! காரணம் மாறும்போதெல்லாம் காகிதம் மாறியது. குரல் மட்டும் திம்மராயனுடையதாகவே இருந்தது.

போன மாதம் வேறு மாதிரி அல்லவா சொன்னோம் என்று ஒரு நாள் மேஜரிடம் கேட்டே விட்டான். மேஜர் கெட்டவர் அல்ல. "எனக்கும் காகிதம்தான் வருகிறது" என்றார்.

அந்த அக்டோபரில் ஒரு சிற்றூருக்குப் போனார்கள். எல்லோரும் வீட்டை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று காகிதத்தில் இருந்தது. திம்மராயன் படித்தான். ஒரு கதவும் திறக்கவில்லை. ஜன்னல் இடுக்குகளில் குழந்தைகளின் முகம் தெரிந்தது. அவனுக்கு மனசு கேட்கவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, "அம்மா, அக்கா, பயப்படாம வாங்க. ஒண்ணும் ஆவாது. நானாச்சு" என்றான்.

கதவுகள் திறந்தன. பாயும் பானையுமாக வந்து சேர்ந்தார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடத்தின் மேல் ஷெல் விழுந்தது. யார் அடித்தது என்று இன்றுவரை தெரியாது. இந்தப் பக்கம் அவர்களைச் சொன்னார்கள், அந்தப் பக்கம் இவர்களைச் சொன்னார்கள். திம்மராயனுக்கு அந்த விசாரணையெல்லாம் வேண்டியிருக்கவில்லை. வரச் சொன்னது யார் என்பது அவனுக்குத் தெரியும்.

பதினைந்து வருஷம் முடிந்ததும் ஊருக்கு வந்துவிட்டான். சிப்காட்டில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. மறுபடியும் யூனிஃபார்ம் போட மனசு வரவில்லை. ஒரே வாரத்தில் விட்டான். கடைசியில் கிருஷ்ணகிரியில் மைக் செட் கடை வைத்திருந்த அதாவுல்லா பாயிடம் சேர்ந்தான். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, துணிக்கடை திறப்பு, மாங்கூழ் ஆலைக்கு ஆள் தேவை என்று மூன்று பாஷையிலும் சொல்லிக்கொண்டு போவான். எழுதிக் கொடுத்ததற்கு மேல் ஒரு எழுத்து சேர்க்க மாட்டான்.

"கடைசில உன் வார்த்தையா ஒண்ணு சேத்து சொல்லேம்பா. ஜனம் அதுக்குதான் வரும்" என்பார் பாய்.

"எழுதி குடுத்தத படிக்கிறேன் பாய். அவ்ளோதான் என் வேல."

92இல் ஒரு நாள் பாய் அரசாங்கத்திலிருந்து வந்த ஒரு காகிதத்தை நீட்டினார். பாரூர் ஏரிப் பக்கம் இலங்கை அகதிகள் முகாம் இருந்தது. இலங்கையில் அமைதி திரும்பிவிட்டது, விருப்பமுள்ளவர்கள் ஊருக்குப் போகப் பெயர் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தது. அமைதி என்ற வார்த்தையைப் பார்த்ததும் திம்மராயன் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனான். போக மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்துகொண்டே போனான்.

முகாமில் படித்தான். யாரும் அசையவில்லை. ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மாள் வந்து, வெயிலில் கத்துகிறானே என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"தம்பி, கடதாசியில இருக்கிறது கிடக்கட்டும். நீங்கள் சொல்லுங்கோ. போனால் பயமில்லையோ?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும், பெயர் கொடுத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. அதுதான் அவனைக் கொன்றது.

"எனக்கு தெரியாதும்மா" என்றான். மைக் ஓடிக்கொண்டிருந்ததால் முகாம் முழுக்கக் கேட்டது. "போன தடவ தெரியும்னு சொன்னேன். நான் பட்டாளத்துல இருந்தவன். உங்க நாட்டுல இதே மாதிரி மைக்குல சொன்னேன். நம்பி வந்தாங்க. வந்தவங்க செத்துட்டாங்க." அதற்கு மேல் பேச முடியவில்லை. அழுதான்.

அந்த அம்மாள் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். அவன் இன்னும் குடித்திருக்கவில்லை. குடிசைக்குள் போய்விட்டாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

மறுநாள் பாய் வேறு ஆளை அனுப்பினார். அவன் நல்ல பேச்சுக்காரன், பயமே இல்லை என்று சேர்த்துச் சொன்னான். பதினோரு குடும்பங்கள் பெயர் கொடுத்தன. அவர்கள் புறப்படும் நாளில் திம்மராயன் பாரூருக்குப் போனான். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியாதுன்னு சொன்னேனேம்மா. அப்புறமும் ஏம்மா போறீங்க?"

"நீங்கள் ஒருத்தர்தான் தம்பி உண்மை சொன்னது. உங்கட அரசாங்கம் சொன்ன காரணத்துக்காக நான் போகேல்லை." அவள் அவனைப் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டு பேசினாள். "என்ர பிள்ளை அங்க பள்ளிக்கூட வளவு மண்ணுக்குள்ள கிடக்கிறான். பக்கத்தில ஒரு ஆளாவது வேணும்."

எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று திம்மராயன் கேட்கவில்லை. கேட்க நேரம் இருந்தது. டிரைவர் டீ குடித்துவிட்டு வரக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரமும் அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றான்.