சூடானால் நின்றுபோகும் சத்தம்

தண்டையார்பேட்டையில் இரண்டு கிடங்குகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. லூர்து அங்கேதான் கார் பழுது பார்த்தார். பாரிமுனை ஸ்டாண்டிலிருந்து டாக்ஸிக்காரர்கள் அவ்வளவு தூரம் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்ததற்கு ஒரே காரணம் அவருடைய காது. பானெட்டைத் திறந்து, நீளத் திருப்புளியின் முனையை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவார். அதை மட்டும் கழற்றுவார். மற்ற பட்டறைகளில் பாதி என்ஜினை இறக்கிப் பரப்பிவைத்த பிறகுதான் யோசிக்கவே தொடங்குவார்கள்.

அந்தக் காது போய்விட்டது என்பது 1971-ல் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் லூர்து. இன்னொருவர் அவர் மனைவி ஃப்ளோரா. அதைப் பற்றி அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதில்லை.

ஃப்ளோராவுக்கு அது தெரியவந்தது ராயபுரம் கோயிலில். பூசையில் பாதிரியார் அப்பத்தை உயர்த்தும்போது பீடத்தடியில் ஒரு சின்ன மணி அடிப்பார்கள். எல்லோரும் தலை குனிவார்கள். ஆண்கள் பக்கம் மண்டியிட்டிருந்த லூர்துவின் தலை மட்டும் கொஞ்சம் பிந்திக் குனிந்தது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது ஞாயிறு அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பீடத்தைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபுரத்துப் பெரிய மணி அவருக்குக் கேட்டது. லாரி கேட்டது. மெல்லிய சத்தங்கள்தான் ஒவ்வொன்றாகப் போயிருந்தன: பல்லி, சைக்கிள் மணி, அடுப்பில் பால் பொங்கி வழிவது.

கொட்டகை போடுவதற்கு முன் பதினோரு வருஷம் அவர் ஹார்பரில் இருந்தார். பழுதுக்கு வந்த கப்பல்களின் வயிற்றுக்குள் இறங்கி, முப்பது பேரோடு சேர்ந்து சுத்தியலால் துரு தட்டுகிற வேலை. சம்பளத்தோடு இந்தச் செவிட்டையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார் போலிருக்கிறது; அது மெல்ல மெல்லத்தான் தலைகாட்டியது.

இருந்தும் ஒரு வருஷம் சமாளித்தார். வண்டி வந்ததும், ஏதோ பரீட்சை வைக்கிறவர் மாதிரி, "எங்க கேக்குதுன்னு நீ சொல்லு பாப்பம்" என்பார். டிரைவர்களும் பயபக்தியோடு பதில் சொல்வார்கள். மிச்சத்தை அவர் கையும் அனுபவமும் பார்த்துக்கொண்டன. ஃப்ளோரா மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு வரும்போதெல்லாம் இந்த நாடகத்தைப் பார்த்தாள். ஒருநாள் எவனாவது கண்டுபிடித்துவிடுவான் என்று பயந்தாள். பாரிமுனையில் ஒரு வார்த்தை விழுந்தால் சாயங்காலத்துக்குள் மூலக்கொத்தளம் வரை போய்விடும். காது போன மெக்கானிக்கிடம் யார் வருவார்கள்? ஐம்பதை நெருங்கும் மனுஷன் மறுபடியும் கப்பலுக்குள் இறங்க முடியுமா?

அந்த வருஷம் ஆடி மாசத்தில் அலி அக்பர் வந்தார். எண்ணூர் ரோட்டில் தினமும் நாலு சவாரியாவது அடிக்கிற அம்பாஸடர் அவருடையது. அந்த ரோட்டில் சில இடங்களில் அலை வந்து வண்டியையே கழுவிவிட்டுப் போகும். பத்து நாளாக என்ஜினில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஒரு பட்டறையில் வால்வை அசைக்கும் டேப்பட் தளர்ந்திருக்கிறது என்று இரண்டு தடவை முறுக்கினார்கள். சத்தம் போகவில்லை. இன்னொரு பட்டறையில், உள்ளே பேரிங் போய்விட்டது, என்ஜினை மொத்தமாக இறக்கவேண்டும் என்றார்கள்.

காலையில் வந்து நின்ற வண்டி ஆறிக் கிடந்தது; மதியம் கைவேலையை முடித்துவிட்டு வந்து லூர்து தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எங்கே கேட்கிறது என்று தெரிந்தால் இவ்வளவு தூரம் ஏன் வரப்போகிறேன் என்றார் அலி அக்பர். வேறு வழியில்லை. லூர்து என்ஜினை ஓடவிட்டு, திருப்புளியை ஊன்றி, கண்ணை மூடினார். சாப்பாடு கொண்டுவந்த ஃப்ளோரா தூக்கை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். சத்தம் அவளுக்கு நன்றாகவே கேட்டது. லூர்து முனையை இடம் மாற்றி மாற்றி வைத்தார். தலையை ஆட்டினார். "ம், கேக்குது" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். மறுபடி தலையை ஆட்டினார்.

அலி அக்பர் அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் நின்னு எம்மா நேரம் ஆவுது நைனா. நீ இன்னாத்த கேட்டுகினு கீற?"

கண்ணைத் திறந்தபோது அலி அக்பரின் உதடு அசைந்ததைப் பார்த்து லூர்து அதைப் புரிந்துகொண்டார். திருப்புளி அவர் காதிலேயே இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஃப்ளோராதான் முன்னால் வந்தாள். என்ஜின் சூடானால் சத்தம் நின்றுவிடுகிறது அல்லவா, ராத்திரி வண்டி இங்கேயே கிடந்து ஆறட்டும், காலையில் பார்த்துச் சொல்வார் என்றாள். அலி அக்பர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வீடு நெருங்கியபோது, காலையில் தானும் வருவதாகவும், சத்தத்தைத் தானே கேட்டுச் சொல்வதாகவும் ஃப்ளோரா அவர் முகத்துக்கு நேராக நின்று சொன்னாள். அவருக்குக் கோபம் வந்தது. தெரிந்துவிட்டது என்ற கோபம், இத்தனை நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்திருக்கிறாளே என்ற கோபம், எல்லாம் சேர்ந்து வந்தது. பொம்பளை வந்து பானெட்டுக்குள் தலையை விட்டால் தெருவில் போகிறவன் எல்லாம் சிரிப்பான் என்றார்.

"சிரிக்கட்டுமே. அவன் சிரிக்கிறது உனக்குக் கேக்கவா போவுது?"

லூர்து அப்படியே நின்றுவிட்டார். சொல்லியிருக்கக் கூடாதோ என்று ஃப்ளோரா பயந்தாள். பிறகு அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தாள். அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு வீட்டுக்குள் போன பிறகும் நிற்கவில்லை. இருவரும் இப்போது காசிமேட்டுக் கல்லறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஃப்ளோரா கடைசிவரை சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது அந்தச் சிரிப்பைத்தான்.

காலையில் கிடங்குகள் திறப்பதற்குள் போய்விட்டார்கள். ஆறிக் கிடந்த என்ஜினை லூர்து கிளப்பினார். ஃப்ளோரா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். அவள் வீட்டில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். ஊசி மழுங்கினால் சத்தத்திலேயே தெரியும். ஆனால் இது மிஷின் மாதிரி இல்லை. பல்லி மாதிரி என்றாள். இல்லை, அதுவும் இல்லை என்றாள். இரும்பு மேல் இரும்பு அடிக்கிறதா என்று லூர்து அவள் உதட்டைப் பார்த்தபடி கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆக்ஸிலேட்டரைக் கொடுத்தால் வேகமாகிறதா என்றார். ஆமாம், கூடவே ஓடுகிறது என்றாள். பிறகு கண்ணை மூடி ரொம்ப நேரம் கேட்டாள்.

"உச்சு கொட்டுதுய்யா. சாவு வூட்ல பொம்பளைங்க உச்சு கொட்ற மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் காத்து கீது."

"காத்தா?"

"காத்துதான்."

இரும்பு அடித்தால் காற்று வராது. லூர்து உள்ளங்கையை வாளித் தண்ணீரில் நனைத்தார். என்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் தடித்த இரும்புக் குழாய் வந்து சேரும் இடத்தில், தொடாமல், கையை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. சுடச்சுட, சின்னச் சின்னதாக, ஏதோ ஊதுவது உள்ளங்கையில் பட்டது. அவர் ஃப்ளோராவைப் பார்த்தார். இன்னொரு கையால், பட்ட தாளத்தை மட்கார்டில் விரலால் தட்டிக் காட்டினார். அவள் காதில் விழுந்ததும் அவர் விரல் தட்டியதும் ஒன்றாக இருந்தன.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். என்ஜின் சூடேறியது.

"நின்னுச்சு" என்றாள் ஃப்ளோரா. அவர் விரலும் அப்போதுதான் நின்றிருந்தது.

அலி அக்பர் வரும்போது லூர்து குழாயைக் கழற்றிக் கோளாறைக் கண்டுபிடித்திருந்தார். குழாயைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்றை உப்புக் காற்று தின்று ஒடித்துவிட்டது. குழாய்க்கும் என்ஜினுக்கும் நடுவே காற்றுப் போகாமல் அடைத்திருந்த பேக்கிங் கிழிந்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. குளிர்ந்திருக்கும்போது அந்த வழியாகப் புகை பீச்சும். சூடானால் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்ளும். என்ஜினை இறக்க வேண்டியதே இல்லை. வேறு போல்ட்டும் புது பேக்கிங்கும் போட்டு, என்ஜினை நன்றாக ஆறவிட்டு மறுபடி கிளப்பியபோது, அலி அக்பர் பானெட்டுக்குள் தலையை விட்டுக் கேட்டார். சத்தம் இல்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார்.

லூர்து ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளட்டும் என்று ஃப்ளோரா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என் காது பூடுச்சு அலி" என்றார் லூர்து. "ஹார்பர்ல துரு தட்டினதுல பூடுச்சு. இவதான் கேட்டா."

அலி அக்பர் துணியில் கையைத் துடைத்தார். அது தனக்கு நேற்றே தெரியும் என்றார். தெரிந்தும் வண்டியை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று லூர்து கேட்டதற்கு அவர் யோசிக்கவே இல்லை.

"காது கீறவனுங்க ரெண்டு பேரு கேட்டாங்களே நைனா. கேட்டு இன்னாத்த கிழிச்சானுங்க?"

ஸ்டாண்டில் விஷயம் பரவாமல் இருக்கவில்லை. அலி அக்பர் பெருமையாகத்தான் சொன்னார். ஆனாலும் நாலைந்து பேர் அப்புறம் வரவில்லை. கொட்டகை இரண்டு வாரம் காலியாகக் கிடந்தது. லூர்து ஸ்பானர்களை எடுத்துத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மதியம், முன்பின் தெரியாத டிரைவர் ஒருவர் பியட் காரில் வந்து இறங்கினார். என்ஜினைக் காட்டாமல் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்து, அக்கா எப்போது வருவார்கள் என்று கேட்டார்.

ஃப்ளோரா அப்போதுதான் தெருமுனையில் தூக்கோடு திரும்பினாள். லூர்து வெளியே வந்து நின்று, "ஃப்ளோரா, சீக்கிரம் வா, ஒரு வண்டி கேக்கணும்" என்று கத்தினார். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவருக்குத் தெரியாது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்து வந்தாள்.