வரப்பில் தெரியாத பட்டன்

துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அதற்குள் கைபேசியை வைத்தபடி ஒருவர் வரப்பில் குந்தியிருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், தை மாத உச்சி வெயில். வேறு அறுப்பு வண்டி புரோக்கரிடம் ரகசியமாகப் பேசுகிறார் என்று உடனே முடிவுகட்டினேன். சந்தேகப்படுவதில் அப்போது என்னை மிஞ்ச ஆளில்லை.

கும்பகோணத்தில் அறுப்பு மிஷின் வாடகைக்கு விடும் சின்ன நிறுவனம் ஒன்றுக்கு நான்தான் செல்போன் செயலி வடிவமைத்தேன். பதிவு செய்த விவசாயி, வண்டி வருவதற்கு முதல் நாள் 'உறுதி செய்' என்ற பட்டனை அமுக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த விதியும் என் சந்தேகத்தில் பிறந்ததுதான். எங்கள் பக்கத்தில் அறுப்பு நெருங்கினால் ஒரே வயலுக்கு மூன்று புரோக்கரிடம் சொல்லிவைப்பார்கள். முதலில் வரும் வண்டி வயலில் இறங்கும், மற்றவை வந்த வழியே திரும்பும். துண்டுக்குள் இருந்த இவர் நான்கு ஏக்கர் குத்தகைக்காரர். இரண்டு முறை பதிவு செய்தும் உறுதி செய்யவில்லை. "பட்டனே இல்லைங்க" என்று எங்கள் அலுவலகத்துக்கு ஃபோனில் சொன்னாராம். கேட்டுவிட்டுச் சிரித்தேன். நான் வைத்த பட்டன் எனக்குத் தெரியாதா? கையும் களவுமாகப் பிடிக்கத்தான் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

"வேற எங்கண்ணே சொல்லிவச்சிருக்கீங்க?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். "துண்டுக்குள்ள வச்சும் தேடிட்டேன். நீங்களே எடுத்துக் குடுங்க தம்பி" என்று கைபேசியை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். வெள்ளைத் திரைதான் இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டினேன், திருப்பினேன், கையால் மறைத்தேன். நாற்றின் இளம்பச்சை என்று நான் பெருமையாகத் தேர்ந்தெடுத்த நிறம், அதன்மேல் வெள்ளை எழுத்து. ஏசி அறையின் பெரிய திரையில் அது கண்ணுக்கு அவ்வளவு குளுமையாக இருந்தது. இங்கே எல்லாம் ஒரே வெளுப்பு. அவர் துண்டுக்குள் நானும் தலையை நுழைத்த பிறகுதான் மங்கலாகத் தெரிந்தது, அதுவும் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்ததால். என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. வெட்கமாக இருந்தது. அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். அவருடைய வண்டி அதற்குள் பாபநாசம் பக்கம் போயிருந்தது. மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. நான்கு ஏக்கரும் சாய்ந்து, நெல் கதிரிலேயே முளைத்துவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது அந்தப் பட்டன் கரும்பச்சை. வெள்ளை எழுத்து, தடிமனாக. எந்தத் திரையையும் நண்பகலில் வெட்டவெளியில் நின்று படித்துப் பார்க்காமல் நான் வெளியிடுவதில்லை. நன்றாக இருக்கிறது என்று அறைக்குள் உட்கார்ந்து யார் சொன்னாலும் நம்புவதில்லை, நானே சொன்னாலும்.

அவர் இன்னும் எங்களிடம்தான் பதிவு செய்கிறார். பட்டனை அமுக்கிய கையோடு எனக்கு ஃபோன் வரும். "பச்சைய அமுத்திட்டேன் தம்பி. நல்லாத்தான் தெரியுது. இருந்தாலும் வண்டி வரும்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க." சொல்கிறேன். சொல்லிவிட்டு, வண்டி வயலில் இறங்கும்வரை நானும் நிம்மதியாக இருப்பதில்லை. இப்போதெல்லாம் அவர் இன்னொரு புரோக்கரிடமும் சொல்லிவைக்கிறார். எனக்குத் தெரியும். கேட்பதில்லை.