கனிஷாய் வாசிக்காமல் விட்ட வரி

கரகோல் ஊரின் மலைப்பனி ஆய்வு நிலையத்தில் யாருக்காவது மின்னஞ்சல் வராமல் போனால் திட்டு வாங்குகிறவள் கனிஷாய். எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டால் அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அதில் அவளுக்கு வருத்தமெல்லாம் கிடையாது. "என்னைத் தேடி ஒருத்தரும் வரலைன்னா அன்னிக்கு நான் நல்லா வேலை செஞ்சிருக்கேன்னு அர்த்தம்" என்பாள். சொல்லிவிட்டு, காரம் போட்ட குளிர் நூடுல்ஸை ஒரு கிண்ணம் உறிஞ்சுவாள்.

இருபத்தொன்பது வயது. படமும் பொத்தானும் உள்ள திரையைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். கறுப்புத் திரை வேண்டும், அதில் கட்டளையைத் தட்ட வேண்டும், அது வாயை மூடிக்கொண்டு வேலையைச் செய்ய வேண்டும். அவளுடைய உயிர் ஒரு கோப்பில் இருந்தது. மாற்றுப்பெயர்க் கோப்பு. வரிக்கு வரி இடது பக்கம் ஒரு பெயர், வலது பக்கம் அந்தப் பெயருக்கு வரும் கடிதம் எங்கே போக வேண்டும் என்ற விவரம். 'பனிச்சரிவு' என்று எழுதினால் ஏழு பேருக்குப் போகும். 'சமையல்' என்றால் சமையல்காரருக்கு. இயக்குநருக்கு மட்டும் நாலு பெயர். நானூற்றுச் சொச்சம் வரியும் அவளுக்கு மனப்பாடம்.

இந்தக் கோப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. வெறுமனே எழுதிச் சேமித்தால் மின்னஞ்சல் சர்வர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு வேறொரு தரவுத்தளம் இருக்கிறது, அதைத்தான் படிக்கும். 'நியூஅலையசஸ்' என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் கோப்பில் உள்ளது தரவுத்தளத்துக்கு ஏறும். கூட வேலை பார்க்கும் மிர்லானுக்கு இது தெரியும், ஆனால் பத்துக்கு ஒன்பது தடவை மறந்துவிடுவான். தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம்.

போன இலையுதிர் காலத்தில் கனிஷாய்க்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஆர்சென். மாமனார் அதே ஆய்வு நிலையத்தில் நாற்பது வருஷம் பனியாறு அளந்து ஓய்வு பெற்றவர். மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள், கனிஷாய் பார்க்கிறாள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவருக்கு அவள் வைத்திருக்கும் மரியாதை அது, அவ்வளவுதான். அவளோடு நின்று கதை சொல்கிறவன் நான், அதனால் நானும் இப்போதைக்கு மாமனார் என்றே சொல்கிறேன்.

அந்த மாமனாருக்கு ஒரு சிநேகிதர். ஜார்ஜியாக்காரர். ரஷ்யர் காலத்தில் பனியாற்றுக்கு மேலே ஒரு தகரக் கொட்டகையில் இருவரும் இரண்டு குளிர்காலம் ஒரே அடுப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தவர்கள். வீட்டில் அவருக்குக் 'கரடி' என்றுதான் பெயர். கரடி கஞ்சியைக் கருக்கினது, கரடி பாடினது, பனிப்பிளவில் விழப்போன மாமனாரைக் கரடி இடுப்புவாரைப் பிடித்து இழுத்தது, எல்லாம் கரடிதான். நாடு உடைந்ததில் தொடர்பு அறுந்து முப்பது வருஷம். கல்யாணம் முடிந்த மாசம், ஏதோ பழைய கட்டுரையில் கண்ட மாமனாரின் நிலைய மின்னஞ்சல் முகவரிக்குக் கரடி ஒரு கடிதம் போட்டுப் பார்த்தார். கரடியிடம் கைபேசி கிடையாது, மகள்தான் தட்டிக்கொடுப்பாள். மாற்றுப்பெயர்க் கோப்பில் மாமனார் பெயர் இன்னும் இருந்ததால் அந்தக் கடிதம் அவருடைய கைபேசியைத் தேடி வந்தது. மனுஷர் அன்றைக்கு ஆட்டை வெட்டி ஊரைக் கூப்பிட்டார். கனிஷாய்க்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

இந்த ஜூலையில் கரடி மலையேறும் கூட்டத்தோடு நம் பக்கம் வருகிறார். 'செவ்வாய்க்கிழமை டிக்கெட் கைக்கு வரும், எந்த நாள் எந்த வழி என்று உடனே எழுதுகிறேன்' என்று எழுதியிருந்தார். செவ்வாய் போயிற்று. புதன், வியாழன், வெள்ளி, சனி.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கர்கரா மேய்ச்சல்வெளியில் இருந்தது. காலையில் மாமனார் புளித்த குதிரைப்பாலான குமிஸ் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அவன் இல்லைன்னு நினைக்கிறேன் மருமகளே" என்றார். "இருந்திருந்தா எழுதியிருப்பான். எழுபத்துநாலு வயசு. அஞ்சு நாளாச்சு."

அஞ்சு நாள் என்ற சொல் கனிஷாயின் காதில் விழுந்தது. செவ்வாய் மதியம்தான் அவள் பழைய சர்வரை அணைத்து, புதியதை எழுப்பினாள்.

புதிய கோப்பை அவர்கள் எழுதிய விதம் இது. அவள் பழைய கோப்பிலிருந்து ஒவ்வொரு பெயராக உரக்க வாசிப்பாள். ஆள் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று பேசிக்கொள்வார்கள். இருந்தால் மிர்லான் புதியதில் தட்டுவான். இருநூறு வரிக்கு அப்புறம் ஒரு பெயர் வந்தது. வாசிக்க வாய் வரவில்லை. "இது நம்ம பெரியவர்" என்று முணுமுணுத்து அடுத்த பெயருக்குப் போனாள். மிர்லான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். மாமனார் புதிய சர்வருக்குள் நுழையவே இல்லை.

"அடப்பாவி, நானே அவரை வெளியில நிறுத்திட்டேனே!" என்று சொல்லிக்கொண்டே மேட்டை நோக்கி ஓடினாள். அந்த வட்டாரத்தில் கைபேசிக்கு அலை கிடைப்பது அந்த ஒரு மேட்டில்தான்.

ஒரே ஒரு நல்ல காரியம் செய்து வைத்திருந்தாள். முதல் வாரம் மட்டும், தெரியாத பெயருக்கு வரும் கடிதத்தை 'இங்கே அப்படி யாருமில்லை' என்று விரட்டாமல், 'இப்போ இல்லை, அப்புறம் வா' என்று சொல்லும்படி சர்வரைப் பழக்கியிருந்தாள். வந்த கடிதம் மணிக்கு ஒரு தடவை கதவைத் தட்டும். ஆனால் அனுப்பிய பக்கம் ஐந்து நாள்தான் பொறுக்கும். செவ்வாய் சாயங்காலம் கிளம்பிய கடிதம் என்றால் இன்றைக்குச் சாயங்காலம் ஜார்ஜியாவுக்கே திரும்பிப் போய்விடும். அங்கே கரடியும் இதேபோல, 'அவன் இல்லை' என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார்.

புதிய சர்வருக்கு முதல் வாரம் என்பதால் மிர்லான் ஞாயிறன்றும் நிலையத்தில்தான் இருந்தான்.

"அண்ணே, மாற்றுப்பெயர்க் கோப்பைத் திறங்க. அவசரம். ஒரு வரி விட்டுப்போச்சு."

"திறந்தாச்சு. பேர் சொல்லு."

"எங்க வீட்டுப் பெரியவர்."

"பெரியவர்னே தட்டட்டுமா?"

"விளையாடாதீங்க அண்ணே. ஆர்செனோட அப்பா."

"அவர் ஓய்வு பெத்தப்புறம்தான் தாயீ நான் இங்க வந்தேன். பேர் என்ன?"

"அதைத்தான் சொல்ல முடியாதே!"

மிர்லான் சிரித்த சிரிப்பில் அவள் கைபேசியைக் காதிலிருந்து எட்டப் பிடிக்க வேண்டியிருந்தது. "உலகத்துல உள்ள கட்டளையெல்லாம் தெரியும், மாமனார் பேர் மட்டும் வாயில வராது! சரி, எழுதி அனுப்பு."

எழுதிப் பார்த்தாள். முதல் எழுத்தைத் தட்டினாள், அழித்தாள். "கை வரலை அண்ணே."

"ஆர்சென் இல்லையா? மாமியாரைக் கேளு."

"அவர் மந்தையோட மேலே போயிருக்கார். மாமியார் நாப்பத்தாறு வருஷமா சொல்லலை. இன்னிக்கா சொல்லப்போறாங்க? பழைய சர்வர்ல பாருங்களேன்."

"அதைக் கழட்டிக் கிடங்குல போட்டாச்சு. சாவி மேலாளர்கிட்ட. மேலாளர் ஏரியில குளிக்கப் போயிருக்கார்."

கனிஷாய்க்கு அழுகையே வந்துவிட்டது. கீழே மாமனார் குதிரையை அவிழ்த்துக்கொண்டு மேட்டைப் பார்த்து வருவது தெரிந்தது. சட்டென்று அவளுக்கு மூளையில் ஒன்று தட்டியது.

"அண்ணே, நான் எதுக்குச் சொல்லணும்? கடிதமே சொல்லுமே! பதிவுக் கோப்புல தேடுங்க. 'அப்புறம் வா'ன்னு திருப்பினதுல ஜார்ஜியாவிலேர்ந்து வந்தது எது, அது யாரைக் கேக்குதுன்னு பாருங்க."

தட்டும் சத்தம் கேட்டது. "அட! செவ்வாய் சாயங்காலம் ஆறேகால்லேர்ந்து தட்டிக்கிட்டே இருக்கு. நூறு தடவைக்கு மேல. ஷார்ஷென்னு ஒருத்தரைக் கேக்குது. அவரா?"

"அவரேதான்! சொன்னது நீங்க, நான் ஒண்ணும் சொல்லலை!"

வலது பக்கம் எழுத வேண்டிய முகவரியில் பெயர் இல்லை, வெறும் எண்கள்தான். அதை அவள் கடகடவென்று ஒப்பித்தாள்.

"சேமிச்சாச்சு" என்றான் மிர்லான்.

"கட்டளை?"

"எந்தக் கட்டளை?"

"அண்ணே!"

"ஐயோ. இதோ. கொடுத்தாச்சு. பேரைப் போட்டுக் கேட்டும் பார்த்துட்டேன், சரியா பதில் சொல்லுது. உங்க பெரியவர் உள்ள வந்துட்டார்."

மாமனார் மேட்டுக்கு வந்து இறங்கியபோது மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். "என் தப்பு மாமா. வாசிக்க வேண்டிய இடத்துல முழுங்கிட்டேன். மன்னிச்சிடுங்க."

அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "அப்போ அவன் உயிரோட இருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

இருவரும் அவருடைய கைபேசியை நடுவில் புல்லில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முக்கால் மணி நேரம் போயிற்று. பன்னிரண்டேகாலுக்கு அது 'டிங்' என்றது. மாமனார் அதைத் தலைகீழாகப் பிடித்து, நேராக்கி, உரக்க வாசித்தார். 'ஞாயிறு. மூன்று வெள்ளை வண்டி. அல்மாத்தியிலிருந்து கர்கரா எல்லை வழியாக, மதியம் இரண்டு மணிவாக்கில். அப்படியே மலைக்குப் போய்விடுவோம், திரும்புவது வேறு வழி. பதில் வந்தால் கரகோலில் வண்டியை நிறுத்தச் சொல்கிறேன். வராவிட்டால் புரிந்துகொள்வேன். உன் கரடி.'

"ஞாயிறுன்னா இன்னிக்கு!" என்று அலறினாள் கனிஷாய். எல்லைச் சாலை கீழே பள்ளத்தாக்கிலேயே ஓடுகிறது, குதிரையில் ஒரு மணி நேரம்.

"நீ போய் வண்டியை நிறுத்து! நான் கோட்டு மாட்டிக்கிட்டு வரேன்!"

"கோட்டா? இப்பவா மாமா?"

"முப்பது வருஷம் கழிச்சு அவன் முன்னாடி இந்தச் சட்டையோடயா நிக்கிறது?"

அவர் கூடாரத்துக்கு ஓடினார். அவள் அவருடைய குதிரையிலேயே ஏறிப் பறந்தாள்.

சாலையில் இறங்கி நிற்கவும் முதல் வெள்ளை வண்டி வரவும் சரியாக இருந்தது. இரண்டு கையையும் வீசினாள். உள்ளே இருந்தவர்கள் சந்தோஷமாகத் திருப்பி வீசினார்கள். நாலு பேர் படம் எடுத்தார்கள். வண்டி போய்விட்டது. இரண்டாவது வண்டி வந்தபோது கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. என்னவென்று கூப்பிடுவது? அவருக்கு வீட்டில் இருந்த ஒரே பெயரைக் கூப்பிட்டாள். "கரடி! கரடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஓட்டுநர் மலைச்சரிவைத் திரும்பிப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றினார், ஒரே அழுத்து. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

மூன்றாவது வண்டி தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அதுவும் நிற்கிற மாதிரி இல்லை. அவளைத் தாண்டிப் போயே விட்டது.

"ஷார்ஷென்!" என்று கத்தினாள் கனிஷாய். "ஷார்ஷென்! ஷா...ர்ஷென்!"

மலை வாங்கித் திருப்பிச் சொன்னது. ஐம்பது அடி தள்ளி வண்டி கிறீச்சிட்டு நின்றது. கதவு திறந்து, வெள்ளை மீசையும் பீப்பாய் உடம்புமாக ஒரு கிழவர் இறங்கி, "எங்கே? எங்கே ஷார்ஷென்?" என்று ரஷ்ய மொழியில் முழங்கினார். கரடி என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அதே நேரம் சரிவில் கறுப்புக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக மாமனார் மாமியாரின் குதிரையில் இறங்கி வந்துகொண்டிருந்தார். குதிரை நிற்கும் முன்பே குதித்தார். இரண்டு கிழவர்களும் மோதிக்கொண்ட வேகத்தில் தொப்பி ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் போயிற்று. வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கிக் கைதட்டினார்கள். கம்போடு வந்த ஆட்டுக்காரரும் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

கனிஷாய் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நின்றாள். முகம் கொதித்தது. மாமனார் கரடியின் தோளில் கையைப் போட்டபடி அவள் பக்கம் திரும்பினார்.

"மருமகளே, யாரோ என்னைக் கூப்பிட்டாங்களே, யாரு?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக் குனிந்தாள். "தெரியலை மாமா. சர்வரா இருக்கும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "எங்கம்மா போனப்புறம் இந்தப் பள்ளத்தாக்குல யாரும் என்னை அப்படிக் கத்திக் கூப்பிட்டதில்லை தெரியுமா? அந்த சர்வர்கிட்டச் சொல்லு, எனக்கு ரொம்பப் பிடிச்சுதுன்னு."