கரவன் குழாயடியில்

ஒஸ்லோவின் ஓரத்தில், கார்களின் பின்னால் இழுத்துவரும் வண்டிவீடுகளான கரவன்கள் தங்கும் இடமொன்றில் குளியலறைகளையும் தண்ணீர்க் குழாய்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களும் கடைசியில் வந்து நிற்பது என் குழாயடியில்தான். ஒரு வாரமாவது கரவனில் குளித்துப் பார்த்தவர்களுக்கு நான் படும் பாடு விளங்கும்.

பாதிக் குளிப்பு

எங்கள் சுடுதண்ணீர் ஆறு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். திராமன் நகரிலிருந்து முதல் தடவையாகக் கரவனில் வந்த தமிழர் ஒருவர், தலை நிறைய நுரையும் இடுப்பில் துவாயுமாக வெளியே ஓடிவந்தார். “என்ன அண்ணை?” என்றேன்.

“வீட்டிலை மனுசியும் தண்ணியை நிப்பாட்டுங்கோ எண்டு கத்துறவதான், ஆனாக் கதவைத் தட்டிப்போட்டெல்லோ கத்துவா! இது சொல்லாமக் கொள்ளாம நிப்பாட்டிப்போட்டுது, தம்பி!”

ஆர்னெயின் தொட்டி

ஒக்டோபரில் உறைபனி விழுமுன் எல்லாக் கரவன்களின் தண்ணீர்த் தொட்டியையும் வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் வெடித்துவிடும். ஆர்னெ என்ற கிழவர் மட்டும் நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தார். இன்றிரவு உறையும் என்று வானிலையில் சொன்ன அன்று, நானே போய்க் கதவைத் தட்டினேன்.

உள்ளே கூப்பிட்டு இருத்தினார். கோடையில் இருவருமாக வடக்கே போனார்களாம். திரும்பும் வழியில், ஒரு மலையடிவாரக் குழாயில், மனைவிதான் தொட்டியை நிரப்பினாளாம். வந்து இரண்டு கிழமையில் அவள் இறந்துபோனாள். அதன் பிறகு அவர் கரவனின் குழாயைத் திறக்கவேயில்லை.

வெறும் பழச்சாற்றுப் போத்தல் ஒன்றைக் கழுவி, தொட்டியிலிருந்த அந்தத் தண்ணீரை நிரப்பி, இறுக்கி மூடி அவர் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தானே குனிந்து வடிகுழாயைத் திறந்துவிட்டார். சரளைக் கல்லில் தண்ணீர் ஓடி முடியும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அது லேசில் முடியவில்லை.

“அவள் எப்போதும் தளும்பத் தளும்பத்தான் நிரப்புவாள்,” என்றார்.

காற்றுப் பிடித்த பம்ப்

என் மகள் இங்கே பிறந்தவள். வசந்தத்தில் வேலையை விட்டுவிட்டு, தன் சிநேகிதனோடு படுக்கையும் குழாயும் உள்ள ஒரு வான் வண்டியில் போர்த்துக்கல் பக்கம் புறப்பட்டாள். “வீடு வாசல் இல்லாத சீவியம்” என்று கோபத்தில் ஏசிவிட்டேன். நாலு மாதம் ஒரு அழைப்பும் இல்லை.

ஒரு மத்தியானம், குளியலறை கழுவிக்கொண்டு நிற்கும்போது கைபேசி அடித்தது. “அப்பா, பம்ப் சத்தம் போடுது, தண்ணி வருதில்லை.”

“காத்துப் பிடிச்சிருக்கும். எல்லாப் பைப்பையும் திறந்து விடு பிள்ளை.”

திறந்தாள், மூடினாள், திரும்பத் திறந்தாள். குழாய் இருமி இருமித் தண்ணீர் கக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. எப்ப வாறாய் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். “தலை முழுகினியோ?” என்று வந்தது.

“இனித்தான் அப்பா,” என்றவள், உடனே போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரி டனூட்டா, துடைப்பத்தோடு பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது; மகளின் பம்ப் பழுது என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

“பம்ப் திருத்துகிறதற்கு இப்படி அழுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்,” என்றாள்.

எந்தக் குழாய் ஒழுகினாலும் திருத்தத் தெரிந்த எனக்கு, இந்தக் கண்ணை மட்டும் இன்னும் திருத்தத் தெரியவில்லை.