ஜினுவின் பைக்குள் இருந்த மக்கனா

தைக்கக் கேட்கும் துணியை வைத்தே வீட்டைச் சொல்லிவிடுவாள் செல்லபாய். கேரள எல்லையில் உள்ள பாறசாலையிலிருந்து கல்யாணமாகி விழிஞ்ஞத்துக்கு வந்தவள்; பதினோரு வருஷமாகத் தையல் மெஷினை மிதிக்கிறாள். கோயிலில் புதுநன்மை வாங்க வெள்ளைக் கவுன் கேட்டால் கத்தோலிக்கர் வீட்டுப் பிள்ளை. கை மணிக்கட்டு வரை இருக்கட்டும், தலையை மூட ஒரு மக்கனாவும் வேண்டும் என்றால் மதரசாவுக்குப் போகிற பிள்ளை. அளவு நாடாவை எடுக்கும் முன்பே இறக்கம் சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவள், தன் மகள் ஜினுவின் பள்ளிக்கூடப் பைக்குள் ஒரு வெள்ளை மக்கனாவைக் கண்டு திடுக்கிட்டுப் போனாள். நோட்டுகளுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்தது. ஓரத்தைப் புரட்டினாள். அவளே அடித்த தையல்! பக்கத்து வீட்டு ஷெமியின் மகள் ஃபிதாவுக்காகத் தைத்துக் கொடுத்தது.

நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இதை யார் கொடுத்திருப்பார்கள்? ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? பெருநாளுக்கு ஷெமி பிரியாணி அனுப்பியது, ஜினுவை மடியில் வைத்துக் கொஞ்சியது எல்லாம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தன. செல்லபாய் பெந்தக்கோஸ்து சபையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. நகை ஆகாது என்கிற அந்தச் சபைக்காக, புருஷன் யோசுவா தடுத்தும் கேட்காமல், பிள்ளைக்கும் சேர்த்து நகையெல்லாம் கழற்றியவள். அந்தப் பிள்ளையையா வேறு வேதத்துக்குப் பறிகொடுப்பது?

மறுநாள் காலை ஜினுவின் பின்னாலேயே போனாள். தெரு முக்குத் திரும்பியதும் ஜினு மக்கனாவை எடுத்துத் தலையில் போட்டாள்; ஃபிதா அதற்கு ஊக்கு குத்திவிட்டாள். செல்லபாய் நேராக ஷெமியின் வீட்டுக்கு நடந்தாள்.

"எனக்க பிள்ளைய என்ன செய்யப் போறிய? ஓதவும் படிச்சுக் குடுத்தாச்சா?"

மீன் வெட்டிக்கொண்டிருந்த ஷெமி கத்தியைக் கீழே வைத்தாள். "எந்தா சேச்சி இது! நான் வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னேன், கேட்டோ. அவ அழுதா. கம்மல் இல்லாத்ததுக்குக் கிளாஸ்ல ஆம்பளப் பிள்ளன்னு கூப்பிடுதாம். வழியிலயும் விடுதில்லையாம். இது இட்டா காது தெரியாதல்லே?"

"எனக்கிட்ட அவ சொல்லல்லியே."

"சேச்சிதானே கழட்டினது. சேச்சியிட்ட எப்பிடிச் சொல்லும்?"

செல்லபாய் படியிறங்கினாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை. யார்மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். ஃபிதாவோடு வந்த ஜினு அம்மாவைக் கண்டதும் மக்கனாவை உருவிப் பைக்குள் திணித்தாள்.

"பயப்படாத மக்கா. அம்மா அடிக்க வரல்ல," என்று செல்லபாய் தலையைத் தடவக் கையை நீட்டினாள்.

ஜினு இரண்டு கையாலும் வெறுங்காதுகளைப் பொத்திக்கொண்டாள்.