இறுதிப் போட்டியில் நான் எந்தப் பக்கம்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பாணும் பருப்பும் என் முன்னால் வைத்துவிட்டு, மனைவி ரைசா எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். பேப்பரை எடுக்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஏதோ கேட்கப் போகிறாள் என்று அப்போதே விளங்கிவிட்டது.

"இண்டைக்கி யாருக்குக் கத்தப் போறீங்க?"

கேள்வி சின்னது. பதில்தான் என்னிடம் இல்லை.

புத்தளம் பக்கம், கல்பிட்டியில் அன்று பின்னேரம் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. எங்கள் ஊர் எத்தாளை அதில் இல்லை. அரையிறுதியிலேயே வெளியே வந்துவிட்டோம். எங்களை வெளியே அனுப்பியது ஆலங்குடா — அதாவது, என் மனைவியின் ஊர். கடைசி நிமிஷத்தில் ஒரு பெனால்டி. அது பெனால்டியே இல்லை என்று எங்கள் ஊரில் இன்னும் கதை நடக்கிறது. அடித்தது யார் தெரியுமா? ரைசாவின் தம்பி ரிம்சான். என் சொந்த மச்சினன். அடித்துவிட்டு இரவு எங்கள் வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காதது போல இடியப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

இறுதிப் போட்டிக்கு வந்த மற்ற அணி, எங்களுக்கு இந்தப் பக்கத்து அயலவர்கள். தொண்ணூறில், யுத்தத்தின் நடுவே, மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் சனங்களின் குடியிருப்பு. இப்போது கல்வீடு, கொங்கிரீட் பாதை, பள்ளிவாசல், பெயர்ப் பலகை எல்லாம் வந்துவிட்டன. பலகையில் அழகான ஒரு பெயரும் இருக்கிறது. ஆனால் எங்கள் வாயில் அது இன்னும் 'கேம்ப்'. அவர்களுடைய அணி, 'கேம்ப் டீம்'.

ஆக, ஒரு பக்கம் எங்களைத் தோற்கடித்தவர்கள். மறுபக்கம் எங்களோடு ஒட்டாதவர்கள். யாருக்குக் கை தட்டுவது?

நீங்கள் கவனித்திருப்பீர்கள்... உலகக் கிண்ணம் வந்தால் எங்கள் ஊரில் மரத்துக்கு மரம் பிரேசில் கொடி, ஆர்ஜென்டினா கொடி. அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாதவனும் அதற்காகச் சண்டை பிடிப்பான். ஆனால் இரண்டு கிலோமீற்றர் தள்ளியிருக்கிற அணி வென்றால் வயிற்றெரிச்சல். ஏன்? பிரேசில்காரன் நாளைக் காலை சந்தையில் எங்களுக்கு முன்னால் வந்து நிற்க மாட்டான் அல்லவா.

"நடுநிலைமை" என்று மனைவிக்குச் சொன்னேன்.

"நடுநிலைமை எண்டா எந்த வேலிக்கிட்ட நிக்கிற?" என்று கேட்டுவிட்டு அவள் கோப்பையைக் கழுவப் போய்விட்டாள்.

பின்னேரம் ஜப்பாரின் ஓட்டோவில் கிளம்பினேன். ஜப்பார் என்னைவிட ஏழெட்டு வயது இளையவன்; அண்ணன் முறைக்கு என்னை 'நானா' என்பான். எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு உயிரைக் கொடுப்பவன். தோற்ற அன்று இரவு சாப்பிடாமல் படுத்தவன்.

"நானா, ரெண்டு பேரும் தோக்கணும்" என்றான் வழியில்.

"அப்படி ஒரு சட்டம் இல்லையே ஜப்பார்."

"இரிக்கணும்."

மைதானத்தில் சரியான காற்று. எங்கள் கல்பிட்டிக் குடாநாட்டில் அந்த மாதங்களில் காற்று எப்படி என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைக்காரர்கள் அந்தக் காற்றுக்காகவே விமானம் ஏறி வந்து, கடலில் பட்டம் பிடித்துக்கொண்டு சறுக்குகிறார்கள். உதைபந்துக்கு மட்டும் அது துரோகி. ஒரு பக்கம் அடித்தால் பந்து பறக்கும். மறுபக்கம் அடித்தால் அடித்தவனிடமே திரும்பி வரும்.

ஆலங்குடா பக்கம் சனம் நிரம்பி வழிந்தது. லொறியில், ட்ரக்டரில், மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் கேம்ப் ஆட்கள்... எண்ணினால் முப்பது பேர் தேறுவார்கள். அதில் பாதி பெண்கள். யுத்தம் முடிந்ததும் அங்கிருந்து பல குடும்பங்கள் மன்னாருக்குத் திரும்பிப் போய்விட்டன. இங்கே பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தொழில், கட்டின வீடு என்று வேர்விட்டவர்கள் நின்றுவிட்டார்கள். போனவர்களை அங்கே, "நீங்க புத்தளத்தார்" என்கிறார்களாம். நின்றவர்களை நாங்கள் இங்கே, "நீங்க மன்னாரார்" என்கிறோம்.

ஜப்பாரும் நானும் எங்கள் ஊர் ஆட்கள் பதினைந்து பேரும் ஒரு கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தோம். அதுதான் எங்கள் நடுநிலைமை.

கேம்ப் அணியின் பயிற்சியாளர் கோட்டோரம் நின்றார். நிலாம் நானா. ஐம்பதைத் தாண்டியவர், ஒடிசலான ஆள். புத்தளத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் வேலை. என்னைக் கண்டதும் கையை உயர்த்தி ஸலாம் சொன்னார். நானும் கையை உயர்த்தினேன். பிறகு மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். இத்தனை காலமாக இந்தப் பத்தியில் என் தோட்டத்து வெங்காயம் முதல் என் பல்வலி வரை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதியதில்லை.

தொண்ணூறில் அவர்கள் வந்து இறங்கியபோது எங்கள் ஊர் நன்றாகத்தான் நடந்துகொண்டது. பள்ளிவாசலைத் திறந்துவிட்டோம். என் உம்மா பெரிய சட்டியில் சோறு ஆக்கி அனுப்பினார். எங்கள் கிணற்றில் நாள் முழுக்கத் தண்ணீர் அள்ளினார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஓரிரு வருஷம் போனது. ஓலைக் கொட்டில்களில் இருந்த அவர்களுடைய இளைஞர்கள் சிலர் எங்கள் கழகத்துக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் நிலாம். பின்னேரங்களில் எங்கள் மைதானத்தில் விளையாட இடம் தருவீர்களா என்று கேட்டார்கள். நாங்கள் விளையாடி முடித்த பிறகு ஒரு மணித்தியாலம் போதும் என்றார்கள்.

கழகம் கூடியது. முடியாது என்று முடிவெடுத்தது. இடம் கொடுத்தால் பிறகு எழும்ப மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அப்போது எனக்கு இருபது வயது. கழகச் செயலாளர். கடிதம் எழுதினவன் நான்தான்.

'தாங்கள் விரைவில் தங்கள் சொந்த ஊருக்குத் திரும்பவிருப்பதால், மைதானம் வழங்குவது அவசியமற்றது எனக் கருதுகிறோம்.'

எவ்வளவு மரியாதையான தமிழ், பாருங்கள். ஒரு ஆளிடம் கொடுத்துவிட்டேன். என் முகத்தைக் காட்டவில்லை.

விருந்தாளியாக வைத்துக்கொள்வது லேசு. அயலவனாக ஏற்றுக்கொள்வதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் காற்று ஆலங்குடாவின் பக்கம். இருபதாவது நிமிஷம் என் மச்சினன் தூரத்தில் இருந்து ஒரு அடி அடித்தான். காற்று மீதியைப் பார்த்துக்கொண்டது. கோல். என்னையறியாமல் கை தட்டிவிட்டேன். வீட்டில் சமாதானம் வேண்டுமே. ஜப்பார் என்னைப் பார்த்த பார்வையில் சரியான சூடு.

அதற்குப் பிறகும் நாலு கோல் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. காரணம், கேம்ப் அணியின் கோல் காப்பாளன் அஸ்மி. நிலாம் நானாவின் மகன். பாய்ந்தும் புரண்டும், ஒரு தடவை முகத்தாலும் தடுத்தான்.

இரண்டாம் பாதி, காற்று இவர்களுக்கு. பத்து நிமிஷத்தில் சமப்படுத்திவிட்டார்கள். இப்போது அஸ்மி எங்களுக்கு முன்னால், நாங்கள் உட்கார்ந்திருந்த கோல் கம்பத்துக்கு வந்திருந்தான். ஆலங்குடா விடவில்லை. காற்றை எதிர்த்து மோதிக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, அஸ்மி பந்தை வைத்துவிட்டுக் குனிந்து சப்பாத்து லேஸைக் கட்டினான். நேரம் போகட்டும் என்று கொஞ்சம் ஆறுதலாகத்தான் கட்டினான். எல்லாக் கோல் காப்பாளரும் செய்கிற வேலை.

ஜப்பாருக்குப் பொறுக்கவில்லை.

"டேய் கேம்ப்! மன்னாருக்குப் போய்க் கட்டுடா!"

எங்கள் பக்கம் பதினைந்து பேரும் சிரித்தார்கள். ஆலங்குடா பக்கத்திலும் சிரிப்பு பரவியது.

அஸ்மி நிமிர்ந்து பார்த்தான். கோபமாகக்கூட இல்லை. அவன் பிறந்தது புத்தளம் ஆஸ்பத்திரியில். மன்னாருக்குப் போனது கல்யாண வீடுகளுக்கு மட்டும். அவன் பார்வை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகக் கடந்து போனது. கோட்டோரத்தில் நிலாம் நானாவும் திரும்பிப் பார்த்தார். சிரிக்கிறவர்களுக்கு நடுவே நான் இருந்தேன்.

நான் சிரிக்கவில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும்?

ஜப்பார் கெட்டவன் இல்லை. யாருக்காவது வருத்தம், காய்ச்சல் என்றால் ஓட்டோவை எடுத்துக்கொண்டு முதலில் ஓடுகிறவன் அவன்தான். ஆனால் அன்று அவன் கத்தியது என்ன? நான் ஒரு முழு வசனத்தில், திருத்தமான கையெழுத்தில் எழுதி அனுப்பிய அதே விஷயம். அவன் நாலைந்து சொல்லில் முடித்துவிட்டான். அவ்வளவுதான் வித்தியாசம்.

எழும்பினேன்.

"எங்க போறீங்க நானா?" என்றான் ஜப்பார்.

"அங்கால."

"அங்கால எண்டா?"

நடந்தேன். கோல் கம்பத்தைச் சுற்றி, கொடிக் கம்பைத் தாண்டி, எதிர்ப்பக்கம். கொஞ்சத் தூரம்தான். ஆனால் இரண்டு ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தூரம் நீளும். மச்சினன் ரிம்சான் ஓடுவதை நிறுத்தி என்னைப் பார்த்ததைக் கண்டேன். அந்த முப்பது பேருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு பெண் தன் பிள்ளையை மடியில் தூக்கி வைத்து, பாயில் இடம் விட்டார்.

"நீங்க எத்தாளை ஆக்கள்தானே?"

"ஓம்."

"பாத மாறி வந்துட்டீங்களோ?"

"இல்ல. கொஞ்சம் பிந்தி வந்துட்டன்."

கடைசி ஐந்து நிமிஷமும் கத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. கதைகளில் வருவது போல நான் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் வென்றிருக்க வேண்டும். இல்லை. ஒன்றுக்கு ஒன்று, பெனால்டி. அஸ்மி ஒன்றைத் தடுத்தான். அவனுடைய ஆட்கள் இரண்டைத் தவறவிட்டார்கள். ஆலங்குடாவுக்குக் கிண்ணம். அந்தப் பக்கம் வெடி போட்டார்கள். இந்தப் பக்கம் பாயைச் சுருட்டினார்கள்.

நிலாம் நானா பந்துகளை வலைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ப் பையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிலாம் நானா, உங்களுக்கு ஒண்டு சொல்லணும். அந்தக் காலத்தில எங்கட கழகத்தால உங்களுக்கு ஒரு கடிதம் வந்தது..."

"ஓம்."

"அத எழுதின நான்தான்."

அவர் ஒரு பந்தை எடுத்துத் துடைத்தார்.

"தெரியும் தம்பி. கீழ கையெழுத்து வச்சிருந்தீங்களே."

இத்தனை வருஷமாகப் பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதிருக்கிறோம். பெருநாளுக்குக் கட்டித் தழுவியிருக்கிறோம். அவருக்குத் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஒரு நாளும் கேக்கல்லியே நீங்க."

"நீங்க சொல்லல்ல. நானும் கேக்கல்ல."

பிறகு, கேட்காமலே அவர் சொன்னார். "அத நான் பொடியன்மாருக்கு வாசிச்சுக் காட்டல்ல. அவங்க வீடு வாசல உட்டுட்டு வந்து ரெண்டு வருஷம்தான். இன்னொருக்கா 'போ' எண்டு சொல்றத கேக்க ஏலாது. 'கிரவுண்ட் திருத்துறாங்களாம், முடிஞ்சதும் தருவாங்களாம்' எண்டு சொன்னன். நாளுக்கு நாள் கேப்பானுகள், 'திருத்தி முடிஞ்சதா நானா?' எண்டு. ஒரு வருஷமா அதத்தான் சொல்லிக்கொண்டிருந்தன். பொறகு கேக்கிறத உட்டுட்டானுகள்."

நான் எழுதிய கடிதத்தை அவர் மறைத்தது அந்தப் பொடியன்மாருக்காக. ஆனால் அதனால் காப்பாற்றப்பட்டது யார்? எங்கள் ஊரின் பெயரும்தானே. ஒரு வருஷம் எங்களுக்காகப் பொய் சொன்ன மனிதரின் கண்ணை நேரே பார்க்காமல் நான் திரிந்திருக்கிறேன்.

"என்ன மன்னிச்சிக்கோங்க" என்றேன்.

"சரி தம்பி" என்றார். பையின் மற்றக் காதை என் கையில் தந்தார். இருவரும் சேர்ந்து அதை லொறிக்குத் தூக்கிப் போனோம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் கழகக் கூட்டத்தில் பேசினேன். வாரத்தில் இரண்டு நாள் அவர்கள் எங்கள் மைதானத்தில் பயிற்சி எடுக்கட்டும் என்றேன். இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள். ஒருவர், "பொஞ்சாதிட ஊரும் வென்றிட்டு, இப்ப இதுவுமா?" என்று கேட்டார். வாக்கெடுக்கும்போது ஜப்பார் நிலத்தைப் பார்த்துக்கொண்டே கையை உயர்த்தினான். அவன் மனதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவனாகச் சொல்லட்டும். ஒரு கை வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

வியாழக்கிழமை வந்தார்கள். முதல் அரை மணித்தியாலம் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். பிறகு ஆள் போதாமல் கலந்து விளையாடினார்கள். அஸ்மி எங்கள் ஆள் அடித்த ஒன்றைப் பாய்ந்து பிடித்தபோது, அடித்தவனே போய் அவனைத் தூக்கிவிட்டான். நிலாம் நானா மணலைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் திருத்தியிரிக்கி" என்றார். அவர் சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

அப்படியானால் அடுத்த வருஷம் இறுதிப் போட்டியில் அவர்களும் நாங்களும் மோதினால் நான் யார் பக்கம் என்று கேட்பீர்கள். இது என்ன கேள்வி? எங்கள் ஊர்ப் பக்கம்தான். மூன்று கோல் அடித்து அவர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்று இப்போதே ஆசையாக இருக்கிறது.

தோற்கட்டும். தோற்றுவிட்டு, இங்கேயே இருக்கட்டும்.